பதினான்காம் எண்

ஆவணி 3, செவ்வாய்
மேல்காற்று. இரண்டு தென்னை மட்டை விழுந்தது. நாய்க்கொட்டில் கழுவியாயிற்று. போன தை வரை கைநாட்டு. இன்று என் கையால் நாள் குறிப்பு! 'ஞாயிறு' என்றும் எழுதிப் பார்த்தேன், செவ்வாயாக இருந்தாலும். அந்த 'ஞா' அவ்வளவு அழகு.

முதலாளி மருமகள் ஜோதி ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறது. எங்கள் ராஜபாளையம் நாய்களின் வம்சத்தை டேட்டாபேஸில் ஏற்றுகிறது. ஓர் அட்டவணை: எண், பெயர், தாயின் எண். எண்ணை மெஷினே வரிசையாகக் கொடுக்கும். நான் ஞாபகத்திலிருந்து சொல்ல, ஜோதி தட்டும்.

ஆவணி 4, புதன்
இன்று ஏற்றியது, செத்துப்போன தாய்நாய் வெள்ளைச்சியின் பழைய ஈற்று. குட்டி நான்கு. மூன்றைத்தான் சொன்னேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். காது கேளாத குட்டி. முதலாளி சொல்ல, பின்சுவர் ஓரம் குழி தோண்டியவன் நான்.

திரையை நானே வாசித்தேன். 12, 13, 15.
"பதினாலு எங்க தாயி?"
"கடைசிக் குட்டிக்கு தாய் நம்பரைத் தப்பா அடிச்சேன் தாத்தா. அப்படி ஒரு தாயே இல்லைன்னு மெஷின் தள்ளிருச்சு. மறுபடி அடிச்சா பதினஞ்சு. போன நம்பர் திரும்ப வராது."

நான் விட்ட அதே இடம்.

சோறு வைத்தேன். எல்லா நாயும் பின்சுவரைப் பார்த்து நின்றன. ஒன்றும் குரைக்கவில்லை.

ஆவணி 6, வெள்ளி
இப்போது கொட்டிலில் இருக்கும் புது ஈற்றின் கடைக்குட்டி. காதருகே வட்டிலைத் தட்டினேன், திரும்பவில்லை. முதலாளி பார்த்துவிட்டார்.
"என்ன கந்தையா, இதுவும் செவிடா? கம்ப்யூட்டர்ல ஏத்த வேண்டாம். திங்கக்கெழமைக்குள்ள முன்ன மாதிரி முடிச்சிரும்."
"சரிங்கய்யா." என் வாய்தான் சொன்னது.

ஜோதியிடம் எல்லாம் சொன்னேன், பழைய குழியையும். அது திரையில் இன்னோர் அட்டவணையைத் திறந்தது. பொறவு: "தடுப்பூசிக்குத் தனி அட்டவணை இருக்கு தாத்தா. ஒரு நாய் நம்பர்ல ஊசி ஏறிட்டா, ஊசியை அழிக்காம அந்த நாயை அழிக்க மெஷின் விடாது."

ஆவணி 7, சனி
குட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்.
கண்டக்டர்: "தாத்தா, பைக்குள்ள பால்கோவாவா?"
"பால்கோவா குலைக்குமாப்பா?"
பஸ்ஸே சிரித்தது.

மாட்டாஸ்பத்திரியில் ஊசி. திரும்பி வந்து ஒற்றை விரலால் நானே அடித்தேன். பெயர்: முத்து. எண் 31. அடுத்த அட்டவணை: ஊசி, நாய் எண் 31. நான் எழுதி ஓர் உயிர் அதற்குள் நிற்கிறது!

ஆவணி 9, திங்கள்
அட்டவணையில் முத்துவைப் பார்த்துவிட்டு முதலாளியே அழிக்க உட்கார்ந்தார்.
"ஏன் போவ மாட்டேங்குது?"
"ஊசி போட்டிருக்கு மாமா. அதை மொதல்ல அழிக்கணும். உசுரோட இருக்கிற குட்டிக்குப் போட்ட ஊசியை நான் அழிக்க மாட்டேன்."
என்னையே பார்த்தார். "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீரு, என்ன? குட்டி கெடக்கட்டும், போங்க."

சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் முழு அட்டவணையையும் உரக்க வாசித்தேன். முத்து காலடியில் தூக்கம். எவ்வளவு கத்தினாலும் அசையவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

அங்கே நிறுத்தினேன்.

முத்து தலையைத் தூக்கியது. பின்சுவர்ப் பக்கம் பார்த்து வாலை ஆட்டியது.