கனடாவில் இருக்கும் அண்ணன்

பாகான் டாலாம்,
10.02.2025

அன்புள்ள ஜெஃப்ரி அண்ணனுக்கு,

கிளாடிஸ் எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். உங்களுக்கு இருமல் நின்றுவிட்டது என்று அம்மா சிறைக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டு வந்த அன்று சொன்னார்கள். நான் கூட வரவில்லை என்று கோபப்படாதீர்கள். அங்கே வாசலில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களாம். அதற்குப் பயந்துதான் வரவில்லை. எழுதுவதென்றால் எனக்கு முடிகிறது.

ஒரு செய்தி. ஜார்ஜ் டவுனில் நான் வேலை செய்யும் பேரங்காடிப் பனித்தளத்தில் பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்த அணி. அதில் கோல் காத்த பையன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். லீக் தொடங்கப் போகிறது, ஆள் இல்லை. நான் வாடகைக்கு விடும் சறுக்குச் சப்பாத்துகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கோச் வாசு வந்து, "ஏம்மா, நீ தினம் கடை அடைச்ச பிறகு சறுக்குறியே, நான் பாத்திருக்கேன். கோல்ல நிக்கிறியா?" என்றார். நான் கையிலிருந்த சப்பாத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கோல் காப்பவளுக்கு முகமூடி உண்டு அண்ணே. முகம் தெரியாது. அதனால்தான் நின்றேன் என்று நினைக்கிறேன்.

முதல் பயிற்சியில் நீங்கள் நம் ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரியே இரண்டு முட்டியும் தரையில் பட விழுந்து தடுத்தேன். எல்லாரும் கத்தினார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். அண்ணன் என்றேன்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

தங்கை,
கிளாடிஸ்


24.02.2025

அன்புத் தங்கச்சி கிளாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதத்தை முதலில் அதிகாரி படிப்பார் என்பது உனக்குத் தெரியுமல்லவா? தமிழ்க் கடிதம் என்றால் சார்ஜன் பக்கிரிசாமியிடம் போகும். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து கேட்கிறார்: "என்னா தம்பி, உன் தங்கச்சி கோல் காக்கப் போகுதாமே. தடுக்குமா, வழி விடுமா?" அவருக்கு ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஐஸ்ல எதுக்குலா கட்டையத் தூக்கிட்டு ஓடுறானுங்க, வீடு இல்லையா?" என்றார். இருந்தாலும் முடிவுகளை எழுதச் சொன்னார்.

கோலாலம்பூர் பனித்தளத்தில் நான் காவலாளியாக இருந்தபோது பார்த்துக் கற்றதைத்தான் உனக்குச் சொன்னேன். கோல் விழுந்தால் தலையைக் குனியாதே. வலைக்குள் கிடக்கும் ரப்பர் வட்டை நீயே எடுத்து நடுவரிடம் தள்ளிவிடு.

அண்ணன் எங்கே என்று கேட்டிருப்பார்களே, என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் சரிதான். நான் செய்த வேலைக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. திருட்டு போன்களை விற்றது நான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி உன்னைக் கேட்டார்கள், நீ மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாய். அதுவே போதும்.

அண்ணன்,
ஜெஃப்ரி


பாகான் டாலாம்,
17.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாவதில் தோற்றோம். மூன்றாவதில் சமம். சார்ஜனிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அவரும் படிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "உங்க அண்ணன் எங்க விளையாடுறாரு?" என்று கேட்டார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹரீஷ் என்று ஒருவன் இருக்கிறான், எங்கள் கேப்டன், எதையும் தானே முடிவு செய்துவிடுவான். "கனடாவா? கனடாதானே?" என்றான். நான் தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான் அண்ணே. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "கோச், இவ அண்ணன் கனடாலலா!" என்று தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். அப்போது அவர்கள் என்னிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் முன்னால் ஒவ்வொருவரும் வந்து என் கால்பட்டையை மட்டையால் தட்டிவிட்டுப் போவார்கள். கோல் காப்பவருக்கு அதுதான் மரியாதையாம். இதுவரை யாரும் என்னை வரிசையாக வந்து தொட்டதில்லை.

இப்போது ஹரீஷின் அம்மா, அண்ணனிடமிருந்து அணிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வாங்கித் தரச் சொல்கிறார். அவர்தான் ஆட்டமோ பயிற்சியோ முடிந்ததும் எல்லாருக்கும் மீ கோரெங் பொட்டலம் கொண்டு வருவார். எனக்கு முட்டை கூடுதலாக வைப்பார். அந்த முட்டையைச் சாப்பிடும்போது உங்களைத்தான் விழுங்குகிறேன் என்று தோன்றுகிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இரண்டு வேலை நேரம் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

கிளாடிஸ்


02.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

திட்டுவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கனடாவுக்கு அனுப்ப யாராலும் முடியவில்லை, நீ தலையை ஆட்டி அனுப்பிவிட்டாய். விமானச் செலவும் இல்லை.

வாழ்த்துச் செய்தியைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஏரி உறைந்துபோனால் அதன் மேலேயே விளையாடுவோம், மூக்கு உதிர்ந்துவிடும் போலக் குளிர், உங்கள் கோல்கீப்பரை நான்தான் வளர்த்தேன், அவளை நம்புங்கள் என்றெல்லாம் அளந்திருக்கிறேன். சார்ஜன் படித்துவிட்டு, "ஏப்ரல்ல அங்க ஏரி உறைஞ்சிருக்குமாலா? போன மாசம்னு போடு" என்று திருத்தினார். பிறகு என்னைப் பார்க்காமல், "நான் இதப் படிக்கல தம்பி" என்றார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. தாளின் மேல்மூலையில் இந்த இடத்து முத்திரை இருக்கும். கத்தரித்துவிடு.

நல்லபடியாக நடந்தால் ஜூன் தொடக்கத்தில் என்னை விட்டுவிடுவார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடைசி ஆட்டங்களைப் பார்க்க முடியும் என்று நினைக்கும்போது இங்கே பகல் கொஞ்சம் சீக்கிரம் போகிறது.

ஜெஃப்ரி


பாகான் டாலாம்,
05.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதை ஹரீஷ்தான் சத்தமாக வாசித்தான். தாளைத் திருப்பிப் பார்த்து, "என்னாலா இது, மூலைய எலி கடிச்சிருச்சா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் அண்ணே என்னால் தாங்க முடியவில்லை. வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள். அன்றைக்கு என்னைத் தாண்டி ஏழு கோல் போனது. ஒருவரும் குறை சொல்லவில்லை. "அண்ணன நெனச்சு அழுதுட்டா போல" என்று ஹரீஷின் அம்மா என் முதுகைத் தடவினார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம் வென்றோம். கடைசி நான்கு அணிகளில் வந்துவிடுவோம் போலிருக்கிறது.

ஜூன் 15ஆம் தேதி குடும்ப நாள். அன்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் வீட்டில் ஒருவரைக் கையைப் பிடித்துப் பனிமேல் அழைத்து வர வேண்டும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். அப்பா இருந்திருந்தால் அப்பா என்று சொல்லியிருப்பேன். கோச் வாசு என்னிடம், "ஜூன்ல அண்ணன் லீவுல வருவாரா? வந்தா பெருமையா இருக்கும்லா" என்றார்.

நீங்கள் அதற்குள் வந்துவிடுவீர்கள். எனக்குத் தெரியும்.

அண்ணே, உங்களைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். எந்த ஊர், எந்த அணி, எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று. உங்களுக்குப் பொய் சொல்ல வரும், எனக்குப் பக்கத்தில் நிற்க வராது. சீசன் முடியும்வரை கெப்பாலா பத்தாஸ் மாமா வீட்டில் இருங்கள். தளத்துப் பக்கம் வராதீர்கள்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். இப்போதும் அனுப்ப மனமில்லை, அனுப்புகிறேன்.

கிளாடிஸ்


14.05.2025

கிளாடிக்கு,

சரி.

மாமாவுக்கு எழுதிவிட்டேன். அவர் வீட்டுக்கே போகிறேன். அங்கே வேலை தேடப் போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். கோச்சிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

உன் கடிதத்தைக் கொடுத்தபோது சார்ஜன் ஆட்ட முடிவு எதுவும் கேட்கவில்லை. தட்டில் இருந்த தன் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

ஜெஃப்ரி


பாகான் டாலாம்,
18.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மாமா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

குடும்ப நாளுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மா கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, சப்பாத்துக்கு மேலே காலுறை மாட்டி, வழுக்கிவிடாமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒலிபெருக்கியில் கேத்தரின் என்று தன் பெயரைச் சொன்னதும் கையை ஆட்டினார்கள். வெளியே வந்ததும் ஹரீஷின் அம்மா, "ஆன்ட்டி, கனடாப் பையன் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டார். நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா சொன்னார்கள்: "நல்லா இருக்கான்மா. அங்க குளிர்தான் ஜாஸ்தி."

வீடு திரும்ப ஃபெர்ரி ஏறினோம். நடுக் கடலில் வந்தபோது, "இன்னும் ரெண்டு நிமிஷம் அங்க நின்னிருந்தா, அவனுக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்புனேன்னு சொல்லியிருப்பேன்" என்றார்கள். எனக்காகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்ல கிளாடி. எனக்கே அது வசதியா இருந்துச்சு. பெத்தவ நான். என் பிள்ள வெளிய வந்து ரெண்டு வாரம் ஆகல, அவன வேற நாட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பக்கத்தில் சீனக் கிழவர் ஒருவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நேற்று பயிற்சிக்கு முன்னால் உடுப்பு மாற்றும் அறையில் சொல்லிவிட்டேன். முகமூடியைப் போட்டுக்கொண்டுதான் சொன்னேன். கேட்கவில்லை என்றார்கள். கழற்றிவிட்டு மறுபடி சொன்னேன். என் அண்ணன் கனடாவில் இல்லை, சிறையில் இருந்தார், இப்போது கெப்பாலா பத்தாஸில் இருக்கிறார், நான் வர வேண்டாம் என்று சொன்னேன் என்றேன்.

ஹரீஷ் தன் மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு, "அப்ப அந்தக் கடுதாசி?" என்றான். அவர்தான் எழுதினார் என்றேன். "செமையாதான்லா எழுதியிருந்தாரு" என்றான். ஆனால் சிரிக்கவில்லை. நேற்று அவனுடைய அம்மா எனக்குக் கொடுத்த பொட்டலத்தில் முட்டை இல்லை. இரண்டு பேருடைய அப்பாக்கள் கோச்சைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். கோச் திரும்பி வந்து, "கோல்ல நிக்கிறது நீயா, உங்க அண்ணனா? போ, போய் நில்லு" என்றார். நின்றேன். நால்வர் வந்து பட்டையைத் தட்டினார்கள். மற்றவர்கள் நேராகப் போய்விட்டார்கள்.

29ஆம் தேதி கடைசி ஆட்டம். நீங்கள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வர முடியாது என்று நீங்கள் சொன்னால் அது சரிதான். இருந்தாலும் கேட்கிறேன். வாருங்கள் அண்ணே.

கிளாடிஸ்


கெப்பாலா பத்தாஸ்,
22.06.2025

அன்புத் தங்கச்சி கிளாடிக்கு,

மாமா போனைக் கையில் கொடுத்தார். உன் எண்ணை அமுக்கிவிட்டு வைத்துவிட்டேன். நானும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. குடும்ப நாளன்று நான் அங்கேதான் இருந்தேன். பேரங்காடியில் தளத்துக்கு மேலே ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கலாம் அல்லவா? மூன்றாவது மாடியில், காலணிக் கடைக்கு முன்னால் நின்றேன். அம்மா கையை ஆட்டியதைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துப் படியில் இறங்கினால் நேராக உங்களிடம் வந்திருக்கலாம். இறங்கவில்லை. நீ வராதே என்று எழுதியதனால் இல்லை. வா என்று எழுதியிருந்தாலும் அங்கேயேதான் நின்றிருப்பேன். ஆகவே அதை உன் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதே.

போன வாரம் இங்கே டயர் கடையில் வேலை கேட்டேன். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்றார் முதலாளி. வெளியூரில் என்றேன். கனடா என்று சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். உன் கடிதம் வந்த பிறகு மறுபடி போய், எந்த வெளியூர் என்று அவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஸ்வெட்டரைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே.

29ஆம் தேதி வருகிறேன். மேலே நிற்க மாட்டேன். ஆட்டக்காரர்களின் வீட்டார் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், அங்கே யாரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதிவிடு.

உன் அண்ணன்,
ஜெஃப்ரி