மூன்று செமஸ்டரே போதுமாயிருந்தது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் பெற்றோர் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். எங்கள் ஃபைலில் வேறு விலாசம் இல்லை. அவர்கள் கைக்குக் கிடைத்து, உங்களிடம் வந்து சேர வேண்டும். வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னை ஞாபகம் இருக்கிறதா? பன்னாட்டு ஆய்வியல் துறை அலுவலகம், மூன்றாம் கவுன்டர். எதைக் கேட்டாலும் "விதி அப்படித்தான் இருக்கு" என்று நான் சொல்லப்போக, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எனக்கு 'விதி அக்கா' என்று பெயர் வைத்தீர்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன். உள்ளுக்குள் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். பழைய ஃபைல்களை ஒழுங்கு செய்யும்போது உங்களுடையது கைக்கு வந்தது. பட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. நாற்பது பாடங்கள், ஒரு பிராந்தியத்தைப் பற்றிய சிறப்புப் படிப்பு, வெளிநாட்டில் ஒரு செமஸ்டர், கடைசி ஆய்வேடு. குறைவாக இருந்தது ஒன்றே ஒன்று. அயல்மொழி நான்கு செமஸ்டர் படிக்க வேண்டும், நீங்கள் மூன்று படித்திருந்தீர்கள்.

ஆனால் அந்த 'நான்கு' என்கிற விதி, நீங்கள் சேர்ந்ததற்கு அடுத்த வருடம்தான் வந்தது. ஒரு மாணவருக்கு அவர் சேர்ந்த வருடத்து விதிப்புத்தகம்தான் கடைசிவரை பொருந்தும். உங்கள் புத்தகத்தில் மூன்று என்றே இருக்கிறது.

தம்பி, நீங்கள் பத்தொன்பது வருடத்துக்கு முன்பே பட்டதாரி.

அலுவலகத்தில் தவறு நடந்துவிட்டது. துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
விதி அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அம்மா போன் பண்ணி, "டேய், உன் காலேஜ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, இப்பவா பரீட்சைக்குக் கூப்பிடுறாங்க?" என்றார்.

நாங்கள் நலம். மனைவி நர்ஸ். இரண்டு பெண் குழந்தைகள். நான் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் இருக்கிறேன். பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. 'கவனம், உடையும்' என்று ஐந்து மொழியில் எழுதுவேன். அதில் ஒன்று நம் துறையில் மூன்று செமஸ்டர் படித்தது.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. படிவம் மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பு எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தத் தவறு எப்படி நடந்தது?

இப்படிக்கு,
கிடங்குக்காரன்

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வந்ததில் மனசு நிறைந்தது. ஆனாலும் இத்தனை வருடம் கழித்து எழுதும்போது ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்களே! பெண்கள் என்ன படிக்கிறார்கள் என்றுகூட எழுதவில்லை.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நூற்றைம்பது பிள்ளைகள், கவுன்டரில் இரண்டு பேர். பழைய புத்தகம், புதுப் புத்தகம் இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பார்த்திருப்போம். யாராக இருந்தாலும் நடந்திருக்கும்.

தேர்வுக் குழு மே கடைசியில் கூடுகிறது. அதற்குள் படிவம் வந்தால் நான் இருக்கும்போதே முடித்துவிடலாம். நான் போன பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு இதன் தலையும் தெரியாது, காலும் தெரியாது.

சீக்கிரம் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா

---

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் ஆறாவது. பெரியவளுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய்.

நீல அட்டை சமாச்சாரம் எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று கவுன்டரில் ஒரு புத்தகம்தான் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, நான் சேர்ந்தப்போ மூணு செமஸ்டர்னுதான் சொன்னாங்க. பழைய புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. நாலாவதையும் படிச்சுட்டு வா" என்றீர்கள்.

"அந்த வகுப்பு அடுத்த வருஷம்தானே வரும்? எனக்கு வேலை காத்துக்கிட்டிருக்குக்கா."

"விதி அப்படித்தான் இருக்கு" என்றீர்கள். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலை கிடைத்திருந்தது. எல்லையோர முகாமில் மொழிபெயர்ப்பாளருக்கு உதவியாளர். ஒரு மாதத்துக்குள் பட்டச் சான்றைக் காட்டச் சொன்னார்கள். முடியவில்லை. வேறு ஒருவர் போனார். அந்தக் கோபத்தில் நான் நாலாவது செமஸ்டருக்குத் திரும்பி வரவே இல்லை. அது என் தப்பு. உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

என் அப்பா பஸ் டிரைவர். "என் பையன் உலக சமாச்சாரம் பூரா படிக்கிறான்" என்று டிப்போவில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். விஷயம் தெரிந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அவங்ககிட்ட இன்னொரு தடவை பார்க்கச் சொன்னியா?"

"சொன்னேன்பா."

"சொல்லியிருக்க மாட்டே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. டிப்போவிலும் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்று அவருடைய கண்டக்டர் ஒருநாள் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்பு அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

போகப் போக, என் சோம்பல்தான் காரணம் என்று நானே நம்பிவிட்டேன். அப்படி நம்பியதில் ஒரு நிம்மதி இருந்தது அக்கா. அதை இப்போது பிடுங்கிவிட்டீர்கள்.

கிடங்குக்காரன்

---

மே 3

தம்பி,

உன்னை 'நீங்கள்' என்று எழுத இன்று கை வரவில்லை. கவுன்டரில் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ சொன்னது சரி. ஒரு புத்தகம்தான் இருந்தது. பழையது அடுத்த அறை அலமாரியில், சாவி என் இழுப்பறையில். நீ பார்க்கச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் எழுந்து போகவில்லை என்றால், சொல்லும்படியான காரணம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் டீ வந்திருந்தது. ஆறிவிடுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் அப்பாவைப் பற்றி நீ எழுதிய பிறகு முடியவில்லை.

உன் ஃபைல் இந்த வருடம் கைக்கு வந்தது என்று எழுதினேன். அது பொய். உன் வருடத்தில் சேர்ந்து பாதியில் விட்டுப் போன பெண் ஒருத்தி, ஒன்பது வருடத்துக்கு முன்பு திரும்பி வந்து பட்டம் கேட்டாள். லேசில் விடவில்லை. "பழைய புத்தகத்தை எடுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள். எடுத்தேன். மூன்று என்று இருந்தது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

அன்றே உன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. உன் ஃபைலையும் எடுத்தேன். இரண்டு நாள் என் மேஜை மேல் இருந்தது. மூன்றாம் நாள் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். அந்த மாதம்தான் என்னை அலுவலக மேலாளராகப் போடுவதாகப் பேச்சு. இந்த நேரத்தில் பழைய தவறைக் கிளறுவானேன், பதவி கைக்கு வரட்டும், பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். பதவி வந்தது. பிறகு என்பதுதான் வரவே இல்லை. இப்போது ஓய்வு பெறப் போகிறேன், இனி என்னை யார் என்ன செய்ய முடியும் என்ற தைரியத்தில் எழுதினேன்.

ஒன்பதிலிருந்து ஆறைக் கழித்துப் பார்த்தேன். மூன்று வருடம் உன் அப்பா இருந்திருக்கிறார்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. படிவத்தை மட்டும் அனுப்பிவிடு. என் மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிடாதே.

அக்கா

---

மே 17

வணக்கம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் கிழித்துப் போடத்தான் இருந்தேன். மனைவிதான் கையைப் பிடித்தாள். "அவங்க செஞ்சது அவங்களோட. படிச்சது நீங்கதானே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். பட்டம் வரப்போகிறது என்றேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு போய் அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டார். திரும்பாமலேயே கேட்டார்.

"இந்தத் தப்பை எப்போடா கண்டுபிடிச்சாங்க?"

"இப்பத்தான்மா. பழைய ஃபைலை ஒழுங்கு பண்ணும்போது."

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா" என்றார். "சரி, பாவம், அவங்க மட்டும் தெரிஞ்சேவா செஞ்சிருப்பாங்க? இப்பவாவது தேடிப் பிடிச்சு எழுதினாங்களே, நல்ல மனுஷி. நான் சொன்னேன்னு அவங்களுக்கு நன்றி எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசு. அந்த மூன்று வருடத்தை அவர் தலையில் ஏற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் உங்கள் பொய்யை நானும் சொன்னேன். இனி அவர் இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். உங்களை மன்னித்துவிட்டதாக எழுத முடியுமா என்று மூன்று நாள் பார்த்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

சான்றிதழை அம்மா வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். உறைக்குள் உங்கள் கடிதம் எதுவும் வைக்காதீர்கள். இனி எனக்கும் எழுத வேண்டாம்.

ஓய்வுக் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பஸ் டிரைவர் மகன்