பின்சீட்டில் அப்பாசாமி இல்லை

1957 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் போன மாதமே சொன்னேன். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் சாலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டால் ஒருநாள் விபத்து வரும் என்று காப்பிக் கடையில் எல்லார் காதிலும் போட்டேன். யார் கேட்டது? நேற்று வந்துவிட்டது. கோயில் முன்னால், எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் பீவியின் கறுப்புக் கிடா குறுக்கே பாய்ந்தது. வேறொருவன் ஓட்டியிருந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். பத்தொன்பது வருஷம் மோட்டார் சைக்கிள் பிடித்த கை! ஆட்டின் மேல் படாமல் வண்டியைச் சாய்த்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்சீட்டில் இருந்த என் கூட்டாளி அப்பாசாமிக்கு வலது கால் முறிந்தது.

ஆகஸ்ட் 8

ஆஸ்பத்திரி. கிளேபாங் கடற்கரை வரை கேட்கும்படி கதையைச் சொன்னேன். கிடாவுக்கு இப்போது கொம்பு ஒரு முழம். பக்கத்துக் கட்டில்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்பாசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மருந்து மயக்கம்.

ஆகஸ்ட் 11

மருந்து மயக்கம் இல்லையாம். அவன் மனைவி சிவகாமசுந்தரி வராந்தாவில் மறித்தாள்.

"இனி வராதீங்கண்ணே. அவரு உங்ககூடப் பேச மாட்டாராம்."

"ஆடு வந்ததுக்கு நான் என்ன செய்ய, தங்கச்சி?"

"கோயிலக் கண்டா ரெண்டு கையயும் விட்டுட்டுக் கும்பிடுவீங்களே. அன்னிக்கும் விட்டீங்களா?"

ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்?

கும்பிடுவது எல்லாரும் செய்வதுதானே. மற்றவர்கள் ஒரு கையை நெஞ்சில் வைப்பார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க மலாக்காவில் என் ஒருவனால்தான் முடியும். வண்டி நூல் பிடித்தமாதிரி போகும்.

ஆகஸ்ட் 14

நாங்கள் சேர்ந்து போகும் புக்கிட் ரம்பாய் வேலைக்குத் தனியாகப் போனேன். பின்சீட்டில் ஆள் இல்லாமல் வண்டி குழிக்குக் குழி துள்ளுகிறது. இரண்டு தடவை அவனிடம் பேசிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

மழை. யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 23

பீவி வாசலில் வந்து நின்றாள்.

"தெருவே ஆட்ட வித்துடுங்குது, அண்ணே. அன்னிக்கு எல்லாத்தயும் கொட்டாயிலதான் கட்டிப் போட்டிருந்தேன். எந்த ஆடுன்னு நீங்களே வந்து காட்டுங்க லா."

பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகும் வாசலிலேயே நின்றேன்.

நாலு நாளாகக் கோயில் வழியே போகவில்லை. சுற்று வழி.

ஆகஸ்ட் 31, சனி

ஊர் முழுக்கக் கொடி. சுதந்திரம். எல்லாரும் திடலுக்குப் போய்விட்டார்கள். நான் முதலில் பீவி வீட்டுக்கு, அங்கிருந்து அப்பாசாமி வீட்டுக்கு. நடந்தே.

மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டியிருந்தான். பீவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

"என்னா சொன்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே அதை மறுபடி சொன்னேன்.

"நான் பின்னாலதானடா உக்காந்திருந்தேன். எப்ப ஒன் வாயால வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"மறுபடி ஏறுவியா?"

"ரெண்டு கையும் வண்டியில இருந்தாப் பாப்போம்."

சிவகாமசுந்தரி அவனுக்கு மட்டும் காப்பி கொண்டுவந்தாள். அவன் பாதியைத் தட்டில் ஊற்றி என் பக்கம் தள்ளினான்.

ஆறாம் தேதி எழுதியதில் ஒன்றை மட்டும் அடிக்க வேண்டும். ஆடு எதுவும் வரவில்லை. சுதந்திர நாளுக்குக் கொடிக்கம்பம் நட்டவர்கள் விட்டுப்போன மணல் கொஞ்சம் கிடந்தது. என் கை இரண்டும் தலைக்கு மேல் இருந்தன.