பின் கண்ணாடி காயுமுன்

அன்புள்ள மரிபெலுக்கு,

டெமிங்கிலிருந்து உன் அத்தை நெல்டா எழுதுவது. நீயும் குழந்தை டெசியும் பயமில்லாமல் படுத்து எழுகிற இடத்தில் இருக்கிறீர்கள் என்று பெண்கள் காப்பகத்து லூசிண்டா சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். எந்த வழியாக உன்னிடம் வரும் என்பது அவள் பாடு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உள்ளங்கையில் போட்ட தையல் இன்னும் பிரிக்கவில்லை.

முதலில் உன் டிரெய்லர் வீட்டு வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் ஆலையில் கண் எரிய எரிய வேலை பார்த்து நீ வாங்கின வண்டி. போகிற அன்று டெசியையும் ஒரு பையையும்தான் உன்னால் தூக்க முடிந்தது. வண்டி என் கொல்லையிலேயே நின்றுவிட்டது. உன் அண்ணன் ராமிரோ போன் செய்து, இழுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். மழைக்காலம் வருகிறது, கதவிலும் ஜன்னலிலும் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் மட்கிப்போயிருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குழந்தையோடு அதில் இருக்கப்போகிறவள் நீ. ஒழுகுகிற வண்டியை எப்படி அனுப்புவது?

வண்டிக்கு உன்னைவிட வயது அதிகம். கதவைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் தொட்டதும் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. அதற்கடியில் யாரோ ஒரு புண்ணியவான் தாரை அள்ளி அப்பியிருந்தான். பக்கத்து வீட்டு ஹோய்ட் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "நெல்டா, இதுல வண்டியைவிடத் தாருதான் அதிகமா இருக்கு" என்றார். "அப்ப ராமிரோவைத் தாரை இழுத்துட்டுப் போகச் சொல்றேன்" என்றேன். மனுஷன் பேசினாரே தவிர, சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தில் கீறல் விழாத மாதிரி பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டக் கூடவே நின்றார்.

புது ரப்பரை ஒட்டும்போது இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். நாலு வெயில் பட்டதும் சுருங்கி மூலையில் வாயைப் பிளந்துவிடும். தளர்வாக, அது போகிற போக்கில் விட்டு ஒட்டினேன். பக்கவாட்டு ஜன்னல்களைத் திறந்து மூடும் கைப்பிடிகளைக் கழற்றி வீட்டு அடுப்படியில் எண்ணெயில் ஊறப்போட்டேன். பின்பக்கப் பெரிய கண்ணாடிதான் கடைசி வேலை. அதை முழுசாக எடுத்து, புது ரப்பருக்குள் உட்காரவைத்து, பசை தடவி, நகராமல் இருக்க வெளியே நாடா ஒட்டினேன். ஒரு நாள் முழுக்க அதைத் தொடக் கூடாது என்று பசை டப்பாவிலேயே போட்டிருந்தது.

மறுநாள் மற்ற இடங்களில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஹோய்ட் காது டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். எனக்கு ஏது பொறுமை? கூரையின் முன்பக்கத்தில் தண்ணீர்க் குழாயைக் கட்டித் திறந்துவிட்டு, நெம்புக் கம்பியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை, மரிபெல். தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

திடீரென்று தண்ணீர் நின்றது. ஹோய்ட் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் 'கிளிக்' என்றது. தள்ளினேன், அசையவில்லை. வெளிக்கொண்டியில் யாரோ திருப்புளியைச் செருகியிருந்தார்கள்.

"அம்மா" என்றான் டேரல்.

கோர்ட்டு அவனை உன் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. என் பக்கம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. என் பிள்ளைதானே என்று இருந்துவிட்டேன்.

"கதவைத் திற" என்றேன்.

"தெறக்கறேன். அவ எங்க இருக்கான்னு சொல்லு, தெறக்கறேன்."

"எனக்குத் தெரியாதுடா."

"ஒனக்குத் தெரியாம இருக்குமா? ஒன்கிட்ட கேட்காம அவ தலைகூட வாரமாட்டாளே. மாமியாரும் மருமகளும் சேந்துதானே என் புள்ளையக் கடத்துனீங்க?"

"சத்தியமா தெரியாது. எனக்குச் சொல்லாதேன்னு நாந்தான் அவகிட்ட சொன்னேன்."

அது உண்மை என்று உனக்குத் தெரியும். அவன் நம்பவில்லை. படியில் உட்கார்ந்து பீர் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீயே வெந்து சொல்லுவ."

ஜூன் மாத உச்சி வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியப் பெட்டி. ஜன்னல் கைப்பிடிகள் அடுப்படியில். போனும் அடுப்படியில். ஊசி நுழைகிற சந்துகூட விடாமல் நானே அடைத்துவைத்திருந்தேன். சுவரில் கை வைத்தால் தோசைக்கல். கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றுபோய்த் தோல் காய ஆரம்பித்தது. தலைக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி இருந்தது. கதவை உதைத்தேன், கத்தினேன். அவன் என் மண்வெட்டியை எடுத்து வண்டியின் பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு அடிக்கும் சுவர் என் முகத்தை நோக்கிப் புடைத்தது. "எங்க இருக்கா?" ஒரு அடி. "எங்க இருக்கா?" இன்னொரு அடி. அந்தப் பள்ளங்கள் இடது பக்கம் அப்படியே இருக்கின்றன. தட்டி எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பிறகு சத்தம் நின்றது. கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருந்த பெட்ரோல் டப்பாவைச் சாய்த்துப் படியில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கால்சட்டையிலும் தெறித்திருந்தது. எனக்குத் துளி வாசனை வரவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

"அவகிட்டயும் சொல்லு" என்றான், லைட்டரை எடுத்துக் காட்டி. "புள்ள எனக்கு இல்லேன்னா அவளுக்கும் இல்ல. ரெண்டு பேரையும் கண்டுபுடிச்சு, இதே மாதிரி ஒரு பொட்டிக்குள்ள வச்சு..."

மிச்சத்தை எழுத மாட்டேன். கொளுத்தியிருப்பானா, மிரட்டினானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கொளுத்தியிருக்க மாட்டான் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

பக்கவாட்டு ஜன்னல்களில் உடம்பு நுழையாது. பின் கண்ணாடி ஞாபகம் வந்தது. பசை இன்னும் காய்ந்திருக்காது. கட்டில் பலகையில் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் மடக்கிக் கண்ணாடியை உதைத்தேன். முதல் உதைக்கு ரப்பர் பிதுங்கியது. அடுத்த உதைக்குக் கண்ணாடி ரப்பரோடு முழுசாக வெளியே போய்க் கல் மேல் விழுந்து நொறுங்கியது. அதன் பின்னாலேயே நானும் தலைகுப்புற விழுந்தேன். உள்ளங்கை கிழிந்தது அப்போதுதான்.

அவன் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். என் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடித் துண்டுகள் மேலேயே இழுத்தான். பெற்றவளை, மரிபெல். கண்ணாடி கிழித்து முதுகு முழுக்க எரிந்தது. "சொல்லுடி" என்றான். ஒரு கையில் என் முடி, ஒரு கையில் லைட்டர். நெம்புக் கம்பி என் பிடியிலேயே இருந்திருக்கிறது. அதை அவன் முழங்காலில் வீசினேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம். லைட்டர் எங்கேயோ போய் விழுந்தது. அவன் தரையில் கிடந்து அலறினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. நான் எழுந்து நின்று, அவன் வலது மணிக்கட்டில் இன்னொரு அடி போட்டேன். உன் தாடையை உடைத்த கை அது. எத்தனை அடி என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, இரண்டு என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டாவது எதற்கு என்றார். தெரியாது என்றேன். உனக்காக என்று சொன்னால் நீ சங்கடப்படுவாய். உனக்காக இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அடித்தேன்.

"அம்மா... தண்ணி" என்றான்.

குழாயைத் திறந்து முதலில் அவன் கால்சட்டையிலிருந்த பெட்ரோலைக் கழுவிவிட்டேன். பிறகு குழாயை அவன் வாயருகே பிடித்தேன். மடக் மடக்கென்று குடித்தான். அதே குழாயில் நானும் குடித்தேன். ஹோய்ட் வந்தபோது நாங்கள் இருவரும் சேற்றில் உட்கார்ந்திருந்தோமாம். அவர்தான் போலீசுக்குச் சொன்னார்.

மணிக்கட்டு கூடிவிடும், முழங்கால் பழையபடி வராது என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜாமீன் இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். வழக்கு வரும்போது நான் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொல்வேன். அவன் வக்கீல் வந்து, தாய் மனசு அப்படி இப்படி என்று பேசிப் பார்த்தான். ஹோய்ட், "தம்பி, அந்தம்மா கைல கட்டு இருக்கு, அந்தக் கம்பி இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கு, பாத்துப் போ" என்று வழியனுப்பிவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, முதுகுத் தையல் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். "சாப்டியா?" என்றேன். தலையாட்டினான். மெலிந்திருந்தான். போகாமல் இருக்க முடியவில்லை. உனக்குத் தெரியாமல் மறைக்கவும் பிடிக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. இந்த முறை பசை காய்கிறவரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. கைப்பிடிகளைத் திரும்ப மாட்டிவிட்டேன், ஜன்னல்கள் வெண்ணெய் மாதிரி வழுக்கித் திறக்கின்றன. வெளிக்கொண்டியைக் கழற்றி எறிந்துவிட்டேன். இனி உன்னை உள்ளே வைத்து வெளியேயிருந்து யாரும் அடைக்க முடியாது. ஒரு நல்ல சாவிப் பூட்டும் வைத்திருக்கிறேன். ரப்பர் மேல் அவ்வப்போது முகப்பவுடரைத் தொட்டுத் தடவு, ஒட்டிக்கொள்ளாது. கதவை டெசி அறைந்து சாத்தாமல் பார்த்துக்கொள். வெயில் நாளில் எப்போதும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். ராமிரோ வருகிற சனிக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போகட்டும். அவனோடு நீ வராதே.

வண்டி அலமாரியில் டெசிக்கு ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். கை நீளமாக இருந்தால் மடித்துவிடு, வளர்கிற பிள்ளை.

கடைசியாக உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே இருக்கிறாய் என்று எனக்கு எப்போதும் சொல்லாதே. உன் ஊர்த் தபால் முத்திரை விழுந்த எதுவும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். இப்போது மட்டுமில்லை, அவன் வெளியே வந்து, திருந்திவிட்டேன் என்று என் வாசலில் வந்து நின்ற பிறகும்தான். ஒருநாள் நானே லூசிண்டாவிடம் வந்து, பேத்தியை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அழுது கேட்டாலும் சொல்லாதே, கண்ணே. முக்கியமாக அன்றைக்குச் சொல்லாதே.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை,
நெல்டா