திருத்தியவர் பெயர்

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். தலைமை அலுவலகத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? துணி துவைக்கும் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது. பக்கவாட்டில் நாலு தட்டு தட்டினால் ஓடுகிறது. புதிதாக வாங்கலாம் என்கிறாள் மகள். நீ வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ சிரிப்பாய், நான் வைத்துவிடுவேன்.

நம் மருந்துக் கம்பெனியின் சரக்கு இருப்புக் கணக்குக்கான பழைய கம்ப்யூட்டர் புரோகிராமைப் புதிய முறையில் எழுத எங்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் நீ பயிற்சிக்குப் போனாய். நீ போன மறுவாரமே, கற்றுக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பி, நம் பிரிவில் இருக்கும் கண்ணாடிக்காரரும், டைப்பிஸ்டாக இருந்து புரோகிராமரான தங்கச்சியும் கையெழுத்துப் போட்டார்கள். புதிய முறைக்கு ஆள் தேர்ந்தெடுத்து வெள்ளிக்கிழமை நீ அனுப்பும் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைக் கிடங்குக்கு மாற்றுவார்களாம். கண்ணாடிக்காரர் திங்கட்கிழமை கிடங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுப்பதற்கு முன்பே, சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாதபோது நீ அனுப்பிய முதல் பயிற்சியைப் போட்டுப் பார்த்தேன். பழைய வழக்கப்படி முழுவதையும் தாளில் எழுதி, ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே ஒரே நீளமாகத் தட்டினேன். நாற்பத்தொரு பிழை. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்குப் பிழை சொன்ன ஆள் நான். மறுநாள்தான் புதியதெல்லாம் வெறும் பகட்டு என்று ஊரைக் கூட்டினேன். மகள் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானப்பா" என்றாள். உன் பிள்ளைதானே.

நேற்று மூன்று பேரும் மறுப்புக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அவர்கள் இருவர் பெயரையும் முதலில் எழுது, பிடிவாதம் என்னுடையது. என் பெயரை இரக்கப்பட்டுச் சேர்த்துவிடாதே. இருப்புப் புரோகிராமில் ஒரு பகுதியைப் புதிய முறையில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து முடிவுசெய்.

அதை எழுதுவதற்காகப் பல வருஷம் கழித்து, நான் எழுதிய பழையதை முதல் வரியிலிருந்து படித்தேன். பதினான்கு இடங்களில் நான் செய்யாத திருத்தம். ஒவ்வொன்றுக்கும் மேலே, திருத்தியவர் என்று என் பெயர். ஆனால் இரண்டு வரிக்கு நடுவில் ஒரு வரி காலியாக விட்டு எழுதுகிற ஆள் நம் அலுவலகத்தில் நீ ஒருத்திதான். அதில் ஒன்றின் தேதியைப் பார்த்தால், நாம் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த வாரம். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்தத் தாள்களிலும் தப்பு நிறைய இருக்கும். கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த முறை உன் பெயரைப் போட்டே திருத்து.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்