சட்டைப் பையில் கற்பூரம்

ஜூன் 9, 2025, திங்கள்

குவாஹாட்டி லோடு முடித்து இன்று காலை மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதிதி கதவைத் திறந்தாள். உள்ளே திரும்பி, "அம்மா, அப்பா வந்திருக்காங்க" என்றாள். போஸ்ட்மேன் வந்தால் சொல்கிற அதே குரல்.

இங்கே சாயா என்று சொல்கிற டீ பூப்போட்ட கண்ணாடி கிளாஸில் வந்தது, அடியில் தட்டோடு. விருந்தாளிகளுக்கு எடுக்கிற கிளாஸ் அது. அவளும் என் மனைவி சங்கரியும் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். நான் பாதி குடிப்பதற்குள் அதிதி கேட்டாள்: "அப்பா, இனி எப்பப் போவீங்க?"

ஒன்றாம் வகுப்புக் குழந்தை, மனதில் எதுவும் வைத்துக் கேட்கவில்லை. நான்தான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

வெலிங்டன் தீவில் சங்கர்ராம் சாருக்குப் பெட்ரோல் டேங்கர்கள் இருக்கின்றன. பக்கத்து பங்க்குகளில் இறக்குகிற ஓட்டம், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு டிரைவர் சீட் காலி. ஆனால் அபாயப் பொருள் ஏற்றலாம் என்று லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு மூன்று நாள் வகுப்பு, முடிவில் பரீட்சை. பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி லாரி ஏறியவன் நான். லாரி என்னைச் சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே இறக்கிவிட்டது.

ஜூன் 11, புதன்

வகுப்புக்கான புத்தகம் மலையாளத்தில். கடை போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்கு மலையாளம். சங்கரி இங்கேயே பிறந்து படித்தவள். அவள் வாசிக்கிறாள், நான் தலையாட்டுகிறேன். என்ன புரிந்தது என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன்.

புத்தகத்தில் இருக்கும் எச்சரிக்கைப் படங்களை வரைந்து வீடு முழுக்க ஒட்டுகிறாள் அதிதி. கக்கூஸ் ஆசிட் பாட்டிலில் 'அரிக்கும்'. என் தலையணையில் 'வெடிக்கும்'. என் குறட்டையை வைத்து அம்மா கொடுத்த யோசனையாம்.

ஜூன் 12, வியாழன்

பாடம் எழுத வாங்கிய நோட்டு இது. பாடத்தைத் தவிர எல்லாம் எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் வகுப்பு. பாடம் எடுக்கும் அனூப் சாருக்கு நான் ஸ்டியரிங் பிடித்த வருஷங்களை விடக் கொஞ்சம்தான் வயது கூட. நிரம்பிய டேங்கருக்கு ஆபத்து அதிகமா, காலி டேங்கருக்கா என்று கேட்டார். முதல் ஆளாகக் கை தூக்கி, நிரம்பியது என்றேன். தப்பு. காலி டேங்கருக்குள் பெட்ரோல் ஆவி நிற்குமாம், ஒரு பொறி போதுமாம். பக்கத்தில் இருந்த, என்னை விட மூத்த டிரைவர் முகமது இஸ்மாயில் இக்கா சிரித்தார். அடுத்த கேள்விக்கு அவரும் தப்பாகச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நண்பர்களாகிவிட்டோம்.

ஜூன் 18, புதன்

எழுத்துப் பரீட்சையில் பாஸ். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு நல்ல செய்தி ஒன்றும் இல்லை.

மத்தியானம் யார்டில் செய்முறைப் பரீட்சை. கேட்டில் அனூப் சார் ஒவ்வொருவரிடமும் பீடி, சிகரெட், லைட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இஸ்மாயில் இக்கா வெட்கத்தோடு பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பொய்யில்லை.

உள்ளே ஒரு காலி டேங்கர். வண்டி எடுப்பதற்கு முன் டிரைவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து காட்டச் சொன்னார். தீயணைக்கும் சிலிண்டர், வால்வு, எர்த் கம்பி, எச்சரிக்கைப் பலகை — ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். சார் தலையாட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது. பரீட்சை என்பதே மறந்து போய், கை தன் பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பம்பருக்கு முன்னால் கற்பூரம் வைத்தேன். குனிந்து தீக்குச்சி உரசினேன்.

மழையில் நமத்த தீப்பெட்டி. முதல் குச்சி பிடிக்கவில்லை. இரண்டாவதை எடுப்பதற்குள் இஸ்மாயில் இக்கா ஓடிவந்து, குடித்துக்கொண்டிருந்த சாயாவை என் கையிலும் கற்பூரத்திலும் கொட்டிவிட்டார்.

அனூப் சார் முகம் வெளுத்துவிட்டது. "சேட்டா, எந்தா இது?"

"சாமி கும்பிட்டேன் சார்."

வேறு என்ன சொல்ல? கற்பூரம் காட்டாமல் நான் வண்டி எடுத்ததே இல்லை. கேட்டில் கேட்டது கெட்ட பழக்கம். இது சாமி காரியம். பையில் இருப்பது தீப்பெட்டி என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுவும் காலி டேங்கர் முன்னால்! திங்கட்கிழமை அவ்வளவு கெத்தாகக் கை தூக்கியவன்தானே நீ?

பயிற்சிக்காக ஆவி போகக் கழுவிய டேங்கராம், அதனால் தப்பித்தோமாம். சர்டிபிகேட் கிடையாது. அடுத்த பேட்சில் மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 19, வியாழன்

சங்கரியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்படியே அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தானே நேத்துக் காலையில அந்தத் தீப்பெட்டிய உங்க பையில எடுத்து வச்சேன்" என்றாள். பிறகு, "அந்தக் குச்சி பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

வெட்கப்பட்டதில் நேற்றுப் பயப்படவே மறந்திருந்தேன். இன்று தீப்பெட்டியைச் சங்கரியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சங்கர்ராம் சார் போன் செய்தார். அடுத்த பேட்ச் வரைக்கும் சீட்டைப் பிடித்து வைப்பாராம். "அதுக்கு மேல வண்டி யாருக்காகவும் நிக்காது, முப்பிடாதி" என்றார்.

மறுபடி குவாஹாட்டிக்கு ரப்பர் லோடு. அதிதி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை கையில் பதில் இருந்தது: நாளைக்கு.

ஜூலை 3, வியாழன். விசாகப்பட்டினம் பக்கம்

திரும்பும் வழி. கற்பூரம் இல்லாமல் வண்டி எடுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜூலை 16, புதன்

இரண்டாவது பேட்ச், கடைசி நாள். அனூப் சார் யார்டு கேட்டில் என்னை நிறுத்தி, இன்றைக்கு நீங்களே கேளுங்கள் என்றார். பீடி, லைட்டர் எல்லாம் மேஜைக்கு வந்த பிறகு நான் கேட்டேன்: "சாமிக்கு வச்சது எதாச்சும் இருக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கற்பூர டப்பா வந்தது. ஊதுபத்தி வந்தது. ஒருவர் மாதா கோயிலில் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்தார். மேஜை கோயில் வாசல் கடை மாதிரி ஆகிவிட்டது. உலகத்தில் நான் ஒருவன்தான் மடையன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெருமையும் போயிற்று.

பாஸ். எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

லைசென்ஸில் பதிந்து வந்துவிட்டது. போட்டோவில் மட்டும் இன்னும் திருடன் மாதிரியே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் டேங்கர் ஓட்டம், சுள்ளிக்கல்லில் ஒரு பங்க்குக்கு. கிளம்பும்போது சங்கரி என் பையைத் தடவிப் பார்த்தாள். "கற்பூரம் நான் இங்க காட்டிக்கிடறேன். கேஸ் அடுப்புக்குத் தள்ளித்தான். நீங்க போங்க" என்றாள். ராத்திரிச் சோறு வீட்டில்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலை முடிந்து வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அதிதி வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்கவில்லை, நான் வந்ததை யாருக்கும் அறிவிக்கவும் இல்லை. சாயா எவர்சில்வர் டம்ளரில் வந்தது, அதுவும் நசுங்கின டம்ளர். கீழே வைத்தால் ஆடுகிறது. கையிலேயே பிடித்துக் குடித்தேன்.

இன்னொரு சாயா கிடைக்குமா என்று கேட்டேன்.

"தண்ணி கொதிக்குது. நீங்களே போட்டுக் குடிங்க" என்றாள் சங்கரி.

எழுந்து போய்ப் போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது.