காற்று மெத்தை

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒருவர் கொடுக்கிறார், அதன் பாரம் இன்னொருவர் தலையில் விழுகிறது. அப்படியென்றால் அந்தக் கொடை யாருடையது? எனக்குத் தெரியவில்லை. புள்ளியியல் வகுப்பு எடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே வந்தபோது இதுதான் மனதில் ஓடியது.

நனைந்த காரணம், காலையில் என் குடையைக் காணவில்லை. போதகரின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டாளாம் அம்மா. பக்கவாதம் வந்தபின் அம்மாவின் உடம்பில் சொன்ன பேச்சைக் கேட்பது வலது கை ஒன்றுதான். அதுவும் கொடுப்பதற்கு மட்டும் நீளுகிறது. போன மாதம் குக்கர். அதற்கு முன் என் மேசை விளக்கு.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுக்கக் கூடாதா?"

"வலது கை குடுக்கறது இடது கைக்கே தெரியக் கூடாது. என் இடது கைக்குத்தான் எதுவுமே தெரியாதே" என்று சிரித்தாள்.

தம்பி போனில்: "அக்கா, அவங்க பக்கத்துல அசையாம நிக்காத. உன்னையும் தூக்கிக் குடுத்துடுவாங்க."

பிப்ரவரி 6, வெள்ளி

அம்மாவின் அறையில் ஜெபக்கூட்டம். தையல்காரம்மா அழுதார். கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்ட அவர் கணவருக்கு முதுகில் புண் வந்துவிட்டதாம். ஆமென் சொன்ன வாய் மூடவில்லை, "என் மெத்தைய எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் அம்மா.

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

அது காற்று மெத்தை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக் குழாய்களில் ஒரு வரிசை உப்பும், அடுத்தது தணியும்; ஒரே இடம் அழுந்தாது. அதனால்தான் அம்மாவுக்கு இன்னும் புண் வரவில்லை. அதனால்தான் நான் தூங்குகிறேன். அது இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் போட வேண்டும். இரவிலும். நான்தான்.

"பாக்கலாம்" என்று மட்டும் தையல்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 7, சனி

தையல்காரம்மாவுக்குப் புது மெத்தை வாங்கலாமென்றால் கடையில் இருப்பு இல்லை. புதிது வர மூன்று வாரம். கேட்டவுடன் தம்பி பணம் அனுப்பிவிட்டான். தையல்காரம்மா வீட்டு முகவரிக்கே சொல்லிவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விடவில்லை.

"புண்ணு மூணு வாரம் காத்துக்கிட்டிருக்குமா பாப்பா? எனக்கு இன்னும் வரல. அவருக்கு வந்துடுச்சு."

வாதம் சரிதான். என் மாணவி சொல்லியிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன். அதுதான் எரிச்சல்.

"நீ குடுக்கலம்மா. என் தூக்கத்த எடுத்துக் குடுக்கற."

"கர்த்தர் உனக்கு பலன் தருவார்."

"பலன் வேண்டாம். அவரையே வந்து உன்னத் திருப்பிப் போடச் சொல்லு."

முகத்தைத்தான் அவளால் தானாகத் திருப்ப முடியும். திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

சோற்றுக்கு மட்டும் வாய் திறக்கிறாள், ஊட்டுகிறேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, புதன்

தலை வாரிவிடும்போது சொன்னாள்: "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அது உன் முதுகு. இப்ப முடியாதுன்னு அவகிட்டப் போன்ல சொல்லிட்டேன்."

ஜெயித்துவிட்டேன் போல. ஐம்பதை நெருங்குகிறவள், வாரி முடித்த தலையை ஏன் மறுபடி வாரினேன்? தூக்கம் போதாததால்தான் என்று எழுதி வைக்கிறேன். மெத்தை இருந்தும் இந்த வாரம் தூக்கம் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

தையல்காரம்மா வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தார். மெத்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவும் இன்று யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. வலது கை போர்வைக்குள்ளேயே கிடந்தது.

போகும்போது ஒரு பையை நீட்டினார். அம்மாவுக்கு இரண்டு நைட்டி.

"முதுகுப் பக்கம் முழுசாத் திறப்பு வெச்சிருக்கேன் மேடம். தலைவழியா மாட்டி இழுக்க வேண்டாம். உங்களுக்கு மாத்திவிட லேசா இருக்கும். நானும் இப்ப அதே வேலதானே செய்யறேன், அதான் தோணுச்சு."

உடுப்பு அம்மாவுக்கு. அந்தத் திறப்பு எனக்கு.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"வாடை வருதுங்க. ஜன்னலத் திறந்து வெச்சுத்தான் தைக்கிறேன்." குறையாகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார்.

எனக்கு விசுவாசம் வந்துவிடவில்லை. முதுகு வலி அப்படியே இருக்கிறது. நாளை கல்லூரி இல்லை. என்ன செய்யப் போகிறேன் — தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று நடந்தது இது.

காலையில், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அக்காவும் நானுமாக அவளைச் சாதாரண மெத்தைக்கு மாற்றினோம். காற்றை இறக்கினேன், சுருட்டினேன், வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஒரே அறை, சுவரில் ஒரே பிளக். தையல்காரம்மா தன் தையல் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை மாட்டினார். அவர் கணவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த உறுமலைக் கேட்டபடி கிடந்தார்.

"யாரு குடுத்ததுன்னு அவர்கிட்டச் சொல்லட்டும் மேடம்? அம்மாவா, நீங்களா?"

"மோட்டார மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தேன். போனில் அலாரம் வைத்து அவள் தலையணை ஓரமாக, வலது கைப் பக்கம் வைத்தேன். இரண்டு முறை எழுந்து திருப்பினேன். அதன் பிறகு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது ஜன்னலில் வெயில்.

பதறி எழுந்து அவளைப் புரட்டினேன். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையளவு சிவப்பு. விரலால் அழுத்தினேன். வெளுத்தது, மறுபடி சிவந்தது. வெளுத்தால் புண் இல்லை என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மூச்சு வந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"கூப்பிட்டிருக்கலாமில்லம்மா. அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுது" என்றாள். "கைக்கு எட்டுச்சு, நிறுத்திட்டேன்."